எத்தனை பேர், எந்தத் தெம்பில்? ஷாங்காயின் அயல்நாட்டாரைப் பற்றிய கணக்கும் பேச்சும்

1. கேள்வி

2022 மார்ச் 28 அன்று, கொரோனா தொற்றைத் தடுக்க, ஷாங்காயில் ஹுவாங்பு ஆற்றின் கிழக்குக் கரையான புடோங் பூட்டப்பட்டது. ஏப்ரல் 1 அன்று மேற்குக் கரையான புஷியும் பூட்டப்பட்டது. நான்கு நான்கு நாள் என்று அறிவித்துத் தொடங்கிய அடைப்பு ஜூன் 1 வரை நீண்டது. இரண்டரைக் கோடிப் பேர் வாழும் நகரம் இரண்டு மாதம் வீட்டுக்குள் கிடந்தது. அந்த வாரங்களில் தொடங்கிய ஒரு பேச்சு இன்னும் ஓயவில்லை. ஷாங்காயின் அயல்நாட்டார் சமூகம் கரைந்துவிட்டது, எஞ்சியவர்கள் தெம்பிழந்து போனார்கள் என்பதே அந்தப் பேச்சு.

இதில் இரண்டு கூற்றுகள் இருக்கின்றன. ஒன்று எண்ணிக்கை பற்றியது, மற்றது மனநிலை பற்றியது. பத்திரிகைகளிலும் வணிகச் சபை அறிக்கைகளிலும் ஒன்றுக்கு மற்றொன்றே சான்றாக நிற்கும். ஆட்கள் போகிறார்கள், ஆகவே தெம்பில்லை. தெம்பில்லை, ஆகவே ஆட்கள் போகிறார்கள். செக்கு மாடு போலச் சுற்றும் இந்த வாதத்தை நிறுத்தி, இரண்டையும் தனித்தனியே பார்க்க முடியுமா? அந்த எண்களை எண்ணியது யார், அந்த மனநிலையைப் பேசியது யார்? இக்கட்டுரை எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்.

2. இரண்டு சொற்கள்

முதலில் ஒரு சொற்சிக்கல். ஆங்கிலத்தில் 'எக்ஸ்பாட்' என்று சொல்லப்படுபவரைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'புலம்பெயர்ந்தோர்' என்ற சொல் கைவசம் இருக்கிறது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தில் கலந்து வாழ்ந்த அயல்நாட்டாரைக் குறிக்கப் புலம்பெயர்தல் என்ற சொல்லையே ஆண்டது. ஒரு துறைமுக நகரத்தின் செழிப்புக்கு அங்கு வாழும் வேற்றுமொழிக்காரர்களை அடையாளமாகக் காட்டுவது நமக்குப் புதிதல்ல. ஆனால் 1983க்குப் பிறகு ஈழத்தமிழர் அந்தச் சொல்லின் மேல் ஏற்றிவைத்த பாரம் பெரிது. கம்பெனி கொடுத்த வீட்டில், கம்பெனி கட்டும் பள்ளிக் கட்டணத்தில், மூன்று வருட ஒப்பந்தத்தில் வாழும் ஜெர்மன் பொறியாளரை அந்தச் சொல்லால் அழைக்க நாக்கு வருவதில்லை. அதனால் 'அயல்நாட்டார்' என்ற வெறும் சொல்லையே இங்கு பயன்படுத்துகிறேன்.

சமூகவியலில் எரிக் கோஹன் 1977இல் எழுதிய நீண்ட கட்டுரை இத்தகையவர்களைத் தாமாக விரும்பி, தற்காலிகமாக, பெரும்பாலும் வசதியான நாடுகளிலிருந்து வந்தவர்கள் என்று வரையறுத்தது. இந்த மூன்று அடைமொழிகளும் ஷாங்காயில் ஒவ்வொன்றாகக் கழன்று விழுவதைப் பின்னால் பார்ப்போம்.

அடுத்த சொல் தெம்பு. 'மனவுறுதி' என்றால் அது படைவீரர்களுக்கு உரியது. ஆங்கிலத்தில் அதற்கு நிகரான 'மொரால்' என்ற சொல்லும் பட்டாளத்திலிருந்து வந்ததுதான். தளபதி ஒருவர் தன் வீரர்கள் இன்னும் எவ்வளவு நாள் தாங்குவார்கள் என்று கணக்கிடும் சொல் அது. ஷாங்காயின் அயல்நாட்டாரைப் பற்றி அந்தச் சொல்லைக் கையாள்பவர்களும் பெரும்பாலும் தலைமையகத்திலோ தூதரகத்திலோ உட்கார்ந்து கணக்கிடுபவர்கள்தான்.

3. 1935இன் கணக்கு

1842 நான்கிங் உடன்படிக்கைக்குப் பின், 1843 நவம்பரில் ஷாங்காய் அயல்நாட்டு வணிகத்துக்குத் திறக்கப்பட்டது. 1849இல் பிரெஞ்சுக் குடியேற்றம் அமைந்தது. பிரிட்டிஷ், அமெரிக்கப் பகுதிகள் 1863இல் இணைந்து சர்வதேசக் குடியேற்றம் ஆயின. அதன் நகராட்சி மன்றம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகை எடுத்தது. 1935இல் குடியேற்றத்தில் வாழ்ந்த சுமார் 11.6 லட்சம் பேரில் அயல்நாட்டார் 38,915 பேர். அவர்களில் ஜப்பானியர் 20,242, பிரிட்டிஷார் 6,595, ரஷ்யர் 3,017, இந்தியர் 2,341, அமெரிக்கர் 2,017.

அயல்நாட்டாரில் பாதிக்கு மேல் ஜப்பானியர். பிரிட்டிஷார் ஆறில் ஒரு பங்கு. ஆனால் 1930 முதல் இருந்த மன்ற அமைப்பில் பிரிட்டிஷாருக்கு 5 இடங்கள், ஜப்பானியருக்கு 2. வாக்குரிமை சொத்து வரியைப் பொறுத்தது. 'ஷாங்காய்லாண்டர்' என்று தம்மை அழைத்துக்கொண்டு, நகரத்தின் சார்பில் லண்டனுக்கும் நான்கிங்குக்கும் குரல் கொடுத்தவர்கள் அந்த ஆறில் ஒரு பங்கினர். 1927இல் இவர்களிடையே வந்து தங்கிச் சென்ற பத்திரிகையாளர் ஆர்தர் ரான்சம் 'ஷாங்காய் மனம்' என்று ஒரு பெயரை வைத்தார். சுற்றியுள்ள நாடு மாறுவதைப் பார்க்க மறுக்கும், தன் நாட்டு அரசே தன்னைக் கைவிட்டதாகப் புலம்பும் ஒரு மனம் என்பது அவர் கணிப்பு. நகரத்து அயல்நாட்டாரின் மனநிலையை ஒற்றைச் சொல்லில் அடைத்த முதல் முயற்சிகளில் இதுவும் ஒன்று. அது விவரித்தது ஒரு சிறுபான்மையின் மனத்தை மட்டுமே.

மற்றவர்கள் என்ன நினைத்தார்கள்? 1880களின் நடுவிலிருந்து குடியேற்றத்தின் காவல்துறையில் சீக்கியர்கள் இருந்தார்கள். 1908இல் அவர்களுக்கென்று டோங் பாவ்ஷிங் சாலையில் ஒரு குருத்வாரா எழுந்தது. சிவப்புத் தலைப்பாகையை வைத்து ஷாங்காய்க்காரர்கள் அவர்களுக்குச் சூட்டிய பட்டப்பெயர் இகழ்ச்சியானது. இன்றும் இணையத்தில் இந்தியர்மேல் எறியப்படுகிறது. அவர்களும் அயல்நாட்டாரே. ஆனால் பிரிட்டிஷாரின் கிளப்பில் உறுப்பினராக முடியாது. மன்றத்துக்கு வாக்களிக்கும் சொத்தும் கிடையாது. புரட்சிக்குப் பின் நாடற்றுப் போன ரஷ்யர்களும், 1938க்குப் பின் வந்திறங்கிய ஏறத்தாழ 18,000 முதல் 20,000 யூத அகதிகளும் கோஹனின் 'தாமாக விரும்பி' என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள். அவர்களுக்குப் போக வேறு இடமில்லை. அவர்களில் பலர் ஷாங்காய்க்கு வந்ததே, இறங்கும்போது விசா கேட்காத துறைமுகம் அது என்பதால்தான்.

இந்தப் பழைய கணக்கை இவ்வளவு நேரம் பார்த்ததற்குக் காரணம் உண்டு. பெரும்பான்மை ஒரு மொழி பேசும், மனநிலை அறிக்கை இன்னொரு மொழியில் வரும் என்ற அமைப்பு 1943இல் குடியேற்றங்கள் கலைந்தபோது மறைந்துவிடவில்லை. எண்பதாண்டு கழித்தும் அது அப்படியே இருக்கிறது.

4. எண்ணும் கைகள்

1949க்குப் பின் ஏறத்தாழ வெறுமையாகிவிட்ட அயல்நாட்டார் பட்டியல், 1990இல் புடோங் வளர்ச்சித் திட்டம் அறிவிக்கப்பட்ட பிறகே மீண்டும் நீளத் தொடங்கியது. நகரின் புள்ளியியல் ஆண்டு நூலின்படி ஷாங்காயில் நிலையாகத் தங்கிய வெளிநாட்டவர் 2005இல் சுமார் 1 லட்சம். 2010இல் சுமார் 1.62 லட்சம், 2015இல் சுமார் 1.78 லட்சம். 2018இல் சுமார் 1.72 லட்சம். அதே காலத்தில் நகர நிர்வாகம் பெருமையுடன் அறிவித்த இன்னொரு எண் உண்டு: ஷாங்காயில் வேலை செய்யும் வெளிநாட்டவர் 2.15 லட்சம், நாட்டில் முதலிடம்.

குடியிருப்பவர்களைவிட வேலை செய்பவர்கள் அதிகம்! குடும்பத்தினர், மாணவர், ஓய்வுபெற்றவர் எல்லோரையும் சேர்த்த எண் சிறியது. அதில் ஒரு பகுதியான ஊழியர் எண் பெரியது. ஒரு எண் தங்கும் உரிமங்களைப் பார்க்கும் காவல் துறையின் பதிவிலிருந்து வருகிறது, மற்றது பணி உரிமம் வழங்கும் துறையிலிருந்து வருகிறது என்பதே எளிய விளக்கம். முதல் துறைக்கு ஆளைக் கண்காணிப்பது வேலை. இரண்டாவதற்குத் திறமையாளரை ஈர்த்துக் காட்டுவது வேலை. ஒவ்வொரு துறையும் தன் வேலைக்குத் தோதான எண்ணைப் பெற்றிருக்கிறது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இன்னும் சிக்கலானது. சீனா வெளிநாட்டவரைத் தன் கணக்கெடுப்பில் முதன்முதலாகச் சேர்த்ததே 2010இல்தான். ஹாங்காங், மக்காவ், தைவான் வாசிகளையும் சேர்த்து அந்த ஆண்டு ஷாங்காயில் சுமார் 2.08 லட்சம் பேர் இருந்தார்கள். 2020இல் 1,63,954 பேர். பெய்ஜிங் 1.07 லட்சத்திலிருந்து 62,812 ஆகச் சரிந்தது. 'வெளியேற்றம்' என்று எழுதுபவர்கள் பெரும்பாலும் காட்டுவது இந்த இரண்டு சரிவுகளைத்தான்.

ஆனால் அதே பத்தாண்டில் சீனா முழுவதிலும் வெளிநாட்டவர் எண்ணிக்கை 5,93,832இலிருந்து 8,45,697 ஆக உயர்ந்தது. எங்கே உயர்ந்தது? மியன்மார், லாவோஸ், வியட்நாம் எல்லையில் இருக்கும் யுன்னான் மாநிலத்தில், ஹாங்காங், மக்காவ், தைவான் வாசிகளையும் சேர்த்துச் சுமார் 47 ஆயிரத்திலிருந்து 3.79 லட்சத்துக்கு. அவர்களில் எல்லை தாண்டி மணமுடித்து வந்த பெண்களும் கரும்புக் காட்டில் கூலி வேலைக்கு வந்தவர்களும் அடக்கம். நாடு தழுவிய கணக்கில் வெளிநாட்டவரில் ஆண்கள் 4,02,026, பெண்கள் 4,43,671 என்று பெண்கள் முந்தியிருக்கிறார்கள். சீனாவில் வாழும் வெளிநாட்டவரின் இன்றைய மாதிரி முகம் எது என்று எண்ணிக்கையை மட்டும் வைத்துக் கேட்டால், புடோங் மாடிக் கட்டடத்தில் வேலை செய்யும் நிதி அதிகாரியை அல்ல, யுன்னானின் எல்லை நகரமான ருய்லியின் சந்தையில் நிற்கும் மியன்மார்ப் பெண்ணைக் காட்ட வேண்டியிருக்கும். அவருடைய தெம்பை அளக்க எந்த வணிகச் சபையும் படிவம் அனுப்பியதில்லை.

ஷாங்காய் சரிவுக்கே வந்தாலும் ஒரு தடை இருக்கிறது. 2020 கணக்கெடுப்பின் குறிப்பு நாள் நவம்பர் 1. அந்த ஆண்டு மார்ச் 28 முதல், செல்லுபடியாகும் தங்கும் உரிமம் வைத்திருந்த வெளிநாட்டவரும் நாட்டுக்குள் வர முடியாது என்று எல்லை மூடப்பட்டது. செப்டம்பர் 28 அன்றுதான் உரிமம் உள்ளவர்களுக்குக் கதவு கொஞ்சம் திறந்தது. ஒரு விமான நிறுவனம், ஒரு நாட்டுக்கு, ஒரே தடத்தில், வாரம் ஒருமுறை என்ற கட்டுப்பாட்டில் இருக்கைகள் கிடைப்பதே அரிது. சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு ஊருக்குப் போய் மாட்டிக்கொண்ட குடும்பங்கள் பல. ஷாங்காயில் வாடகை கட்டிக்கொண்டே பெர்லினிலும் சியோலிலும் காத்திருந்தவர்களை அந்தக் கணக்கெடுப்பு எண்ணியிருக்க முடியாது. ஆகவே 2.08 லட்சம், 1.64 லட்சம் என்ற இரு புள்ளிகளுக்கு நடுவே நேர்கோடு இழுத்து அதைத் தெம்பின் வரைபடமாகக் காட்டுவது தவறு.

தைவான்காரர்களின் கதை இதற்கு நேர்மாறானது. ஷாங்காயிலும் பக்கத்து குன்ஷானிலும் பல லட்சம் தைவானியர் என்பது நெடுங்காலப் பேச்சு. 2010 கணக்கெடுப்பு மொத்தச் சீனப் பெருநிலத்திலும் கண்டது 1,70,283 பேரைத்தான். கணக்கெடுப்பு சிலரைத் தவறவிட்டது என்று எவ்வளவுதான் தாராளமாக ஒப்புக்கொண்டாலும் இந்த இடைவெளியை அது நிரப்பாது. ஒரு சமூகத்தின் அளவு, பேசுபவர்களின் தேவைக்கேற்ப ஊதும் சுருங்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

5. தெம்பை அளக்கும் கருவிகள்

மனநிலைக்கு நாம் நம்பும் சான்றுகள் எவை? ஒன்று வணிகச் சபைகளின் ஆய்வு. 2022 மே மாதம் ஐரோப்பிய வணிகச் சபை வெளியிட்ட அவசர ஆய்வில், பதிலளித்த நிறுவனங்களில் 23 சதவீதம் சீனாவில் உள்ள அல்லது திட்டமிட்ட முதலீட்டை வேறு நாட்டுக்கு மாற்ற யோசிப்பதாகச் சொன்னது. ஷாங்காய் அமெரிக்க வணிகச் சபையின் 2023 ஆய்வில், அடுத்த ஐந்தாண்டு பற்றி நம்பிக்கை தெரிவித்தவர்கள் 52 சதவீதம். 1999இல் ஆய்வு தொடங்கியதிலிருந்து அதுவே மிகக் குறைவு. அடுத்த ஆண்டு அது 47 ஆனது.

இவை மதிப்புள்ள எண்கள்தாம். ஆனால் இங்கே பதில் சொல்வது நிறுவனம், ஆள் அல்ல. ஒரு நிறுவனம் தன் வெளிநாட்டு மேலாளரைத் திருப்பி அனுப்பிவிட்டு, வெளிநாட்டில் படித்துத் திரும்பிய சீனரை அந்த நாற்காலியில் அமர்த்தினால் அதன் நம்பிக்கை உயரக்கூடும். அயல்நாட்டார் எண்ணிக்கை ஒன்று குறையும். ஷாங்காய் பேச்சில் 'ஹைகுய்' என்று கடலாமையின் பெயரால் அழைக்கப்படும் இந்தத் திரும்பி வந்தவர்களின் வருகை, 2000களின் நடுவிலிருந்தே வெளிநாட்டு மேலாளரின் இடத்தை அரித்து வந்தது. வீட்டு வாடகை, ஆண்டுக்கு 2 லட்சம் யுவானைத் தாண்டும் சர்வதேசப் பள்ளிக் கட்டணம், ஊர் போய்வரும் விமானச்சீட்டு எல்லாம் சேர்த்துப் பார்க்கும் கணக்காளருக்கு இது சிக்கலே இல்லாத முடிவு. அதில் தெம்புக்கு வேலை இல்லை.

இரண்டாவது வகை, அயல்நாட்டாரிடமே கேட்கும் இணைய ஆய்வுகள். அவற்றில் தாமாக வந்து பதில் சொல்பவர்களே மாதிரி. கேள்விகள் ஆங்கிலத்தில் இருக்கும், அல்லது ஆங்கிலத்தில் சிந்திக்கப்பட்டிருக்கும். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. மிகவும் மனமுடைந்தவர் ஏற்கனவே கிளம்பிப் போயிருப்பார். எஞ்சியவரிடம் எடுத்த சராசரி அதனால் உயரும். அடுத்த ஆண்டு 'மனநிலை மீள்கிறது' என்று தலைப்பு வரும். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் வகுத்த வெளியேற்றம், குரல், விசுவாசம் என்ற முக்கூறு இங்கே பொருந்தும். வாக்குரிமையோ சங்கமோ இல்லாத விருந்தாளிக்குக் குரல் மிகச் சிறியது. அவர் பேசும் ஒரே உரத்த வாக்கியம் வெளியேற்றம். அந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்த கணத்தில் அவர் ஆய்வின் எல்லைக்கு வெளியே போய்விடுகிறார்.

மூன்றாவது, உளவியல் தந்த பழைய வளைகோடு. நார்வேயிலிருந்து அமெரிக்கா சென்ற உதவித்தொகையாளர்களை ஆராய்ந்த ஸ்வேரே லிஸ்கார்ட் 1955இல், அயல்நாட்டு வாழ்வு முதல் மாதங்களில் இனிக்கும், ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை ஆண்டு வரை கசக்கும், பின்பு தேறும் என்று கண்டார். பணியாளர்களை வெளிநாடு அனுப்பும் துறை இதை வேதவாக்காகவே எடுத்துக்கொண்டது. ஷாங்காயில் 2022இல் நடந்ததை இந்தக் கோடு விளக்காது. அன்று உடைந்தவர்கள் புதிதாக வந்தவர்கள் மட்டும் அல்ல. பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழ்ந்து, ஷாங்காய் வட்டார மொழியில் பேரம் பேசத் தெரிந்தவர்களும்தான். வளைகோட்டின்படி அவர்கள் எப்போதோ தேறியிருக்க வேண்டும்.

6. ஜப்பானியர் தரும் மாற்றுக் காலவரிசை

சரிவு எப்போது தொடங்கியது என்பதை ஆங்கிலம் பேசுபவர்களின் கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்ப்போம். ஜப்பானிய வெளியுறவு அமைச்சகம் தன் குடிமக்கள் எங்கெங்கு வாழ்கிறார்கள் என்று ஆண்டுதோறும் எண்ணுகிறது. 2012இல் சீனாவில் 1,50,399 ஜப்பானியர் இருந்தார்கள். ஷாங்காயில் மட்டும் சுமார் 57 ஆயிரம். உலகில் ஜப்பானியர் மிக அதிகம் வாழ்ந்த அயல்நகரங்களில் ஷாங்காய் ஒன்று. குபெய் பகுதியில் அவர்களுக்கென்று கடைகள், மருத்துவமனைகள். ஹோங்சியாவ், புடோங் என இரு வளாகங்களில் பள்ளி. 2011இல் உயர்நிலைப் பள்ளியும் தொடங்கியது. வெளிநாட்டில் இருக்கும் ஜப்பானியப் பள்ளி ஒன்று அந்தக் கட்டம்வரை போனது அதுவே முதல்முறை. பிள்ளை பட்டதாரி வகுப்புக்குப் போகும்வரை இங்கேயே இருப்போம் என்று ஒரு சமூகம் கட்டடம் எழுப்பிச் சொன்ன நேரம் அது.

அடுத்த ஆண்டு செப்டம்பரில் இரு நாடுகளுக்கும் இடையிலான தீவுத் தகராறில் நகரந்தோறும் ஜப்பான் எதிர்ப்பு ஊர்வலங்கள் நடந்தன. யென் மதிப்பிறங்கியது, சீனத் தொழிலாளர் கூலி ஏறியது, 2013 ஜனவரியில் வட சீனத்தின் புகைமூட்டம் உலகச் செய்தி ஆனது. 2012க்குப் பின் ஜப்பானியர் எண்ணிக்கை பெரும்பாலும் இறங்குமுகம்தான். 2024இல் சீனா முழுவதும் 97,538 பேர். ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கியது சுமார் இருபதாண்டுகளில் அதுவே முதல்முறை.

ஆக, ஷாங்காயின் மிகப் பெரிய அயல்நாட்டார் குழுக்களில் ஒன்று கொள்ளைநோய்க்கு ஏழாண்டு முன்பே சுருங்கத் தொடங்கியிருந்தது. அப்போது 'வெளியேற்றம்' என்று ஆங்கில இதழ்கள் பெரிதாக எழுதவில்லை. ஏனென்றால் அதே ஆண்டுகளில் மேற்கத்தியரின் ஷாங்காய் உச்சத்தில் இருந்தது. யோங்காங் சாலையின் மதுக்கடைகளில் மாலை நேரம் நடைபாதை நிறைய ஐரோப்பியர் நின்ற காலம் அது. 2016இல் அந்தக் கடைகள் மூடப்பட்டபோது ஒரு யுகம் முடிந்ததாகப் புலம்பினார்கள். மேல் மாடியில் தூக்கமிழந்து ஆண்டுக்கணக்கில் புகார் கொடுத்துக்கொண்டிருந்த முதியவர்களின் தெம்பு அன்று உயர்ந்திருக்கும் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஜப்பானியரிடம் இன்று தெரிவது வேறொரு கலக்கம். 2023 மார்ச்சில் ஜப்பானிய மருந்து நிறுவனம் ஒன்றின் மூத்த ஊழியர் பெய்ஜிங்கில் உளவுக் குற்றச்சாட்டில் பிடிக்கப்பட்டார். அந்த ஜூலையில் திருத்தப்பட்ட உளவு எதிர்ப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூனில் சுஜோவில் ஜப்பானியப் பள்ளிப் பேருந்து நிறுத்தத்தில் கத்திக்குத்து. தடுக்க முயன்ற சீனப் பெண் உதவியாளர் இறந்தார். செப்டம்பரில் ஷென்ஜெனில் பள்ளிக்குப் போன ஜப்பானியச் சிறுவன் கொல்லப்பட்டான். இவற்றில் ஒன்றும் ஷாங்காயில் நடக்கவில்லை. ஆனால் சுஜோ, ஷாங்காயிலிருந்து அதிவேக ரயிலில் அரை மணி நேரம். கணவர் மட்டும் தங்கி, மனைவியும் பிள்ளைகளும் ஊர் திரும்புவது ஒரு குடும்பத்துக்கு முடிவாகத் தோன்றும். புள்ளிவிவரத்தில் அந்த ஒரு முடிவு மூன்று பேர் குறைவாகப் பதிவாகும்.

7. காலக்கெடு

அப்படியானால் 2022இல் உடைந்தது என்ன? பசியும் சலிப்பும் மட்டும் என்றால் அவை ஆறே மாதத்தில் மறந்துபோகும் சங்கதிகள். அடுக்குமாடிச் சீனர்களும் அயல்நாட்டாரும் ஒரே குழுவில் சேர்ந்து மொத்தமாக முட்டையும் கீரையும் வரவழைத்த 'துவான்கோ' நாட்களில்தான் அண்டை வீட்டாரின் பெயரை முதல்முறை தெரிந்துகொண்டதாக அந்த வசந்தத்தைப் பற்றிச் சொல்பவர்கள் உண்டு. தெம்பு அங்கே கூடியது என்றுகூட வாதிடலாம்.

என் கணிப்பில் உடைந்தது காலக்கணக்கு. நான்கு நாள் என்றது இரண்டு மாதமானது. தொற்று கண்ட குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வேறு இடம் கொண்டுபோகும் விதி ஏப்ரல் தொடக்கத்தில் தெரியவந்தபோது, முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் தூதரகங்கள் சேர்ந்து எதிர்ப்புக் கடிதம் எழுதின. ஏப்ரல் 11 அன்று அமெரிக்கா தன் துணைத் தூதரகத்தின் அவசியமற்ற ஊழியர்களை வெளியேற உத்தரவிட்டது. நாளைக்கு என்ன விதி என்று தெரியாத இடத்தில் அடுத்த கல்வியாண்டுக்குக் கட்டணம் கட்டுவது எப்படி? சர்வதேசப் பள்ளிகளில் மறு சேர்க்கை முடிவு எடுக்க வேண்டிய மாதங்கள் வசந்த காலத்தில் வருகின்றன. அடைப்பு வந்ததும் அப்போதுதான்.

இது அடைப்போடு பிறந்த சிக்கல் அல்ல. அயல்நாட்டு ஊழியரின் வீட்டு வாடகைக்கும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் இருந்த வரிச்சலுகை 2021 முடிவோடு ஒழியும் என்று சட்டம் சொன்னது. ஒழியாது, 2023 வரை நீளும் என்ற அறிவிப்பு 2021 டிசம்பரின் கடைசி வாரத்தில் வந்தது. அதற்குள் பல நிறுவனங்கள் ஆட்களைத் திருப்பி அனுப்பும் முடிவை எடுத்து முடித்திருந்தன. பின்னர் சலுகை 2027 வரை நீட்டப்பட்டது. 2021 ஜூலையில் தனிப்பயிற்சித் துறையின் மீது வந்த கட்டுப்பாடு, ஆங்கில ஆசிரியர்களாக வந்த இளைஞர் கூட்டத்தின் பிழைப்பை ஒரு கோடையில் முடித்துவைத்தது. சலுகையும் கெடுபிடியும் ஒரே விதமாக, கடைசி நேரத்தில், முன்னறிவிப்பின்றி வந்தன. மூன்று வருட ஒப்பந்தக்காரர் இதைத் தாங்குவார். வேர்விட நினைத்தவர் தாங்கமாட்டார்.

வேர்விட நினைத்தவருக்குச் சட்டம் தந்த இடம் எது? 2017 ஏப்ரல் முதல் பணி உரிமம் ஏ, பி, சி என மூன்று வகை. சம்பளம், படிப்பு, வயது, சீன மொழித் தேர்ச்சி ஆகியவற்றுக்கு மதிப்பெண். 85 வந்தால் ஏ, 60 வந்தால் பி. பி வகையாருக்கு அறுபது வயது பொதுவான வரம்பு. நிரந்தரத் தங்கும் உரிமை 2004இல் ஒழுங்கான திட்டமாக வந்தாலும் 2013 வரை சீனா முழுவதும் அதைப் பெற்றவர்கள் 7,356 பேர் மட்டுமே. சீனரை மணந்தவர் அதைக் கேட்க வேண்டுமானால் மணமாகி ஐந்து ஆண்டும், தொடர்ந்து ஐந்து ஆண்டு ஆண்டுக்கு ஒன்பது மாதம் குறையாமல் தங்கியதும் காட்ட வேண்டும். அதுவரை குடும்ப உரிமத்தில் தங்கலாம், அந்த உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாது. 2020 பிப்ரவரியில் நிரந்தர உரிமையைத் தளர்த்தும் வரைவு வந்தபோது இணையத்தில் எழுந்த சீற்றத்தில் அது கிடப்பில் போனது.

ஷாங்காயின் அயல்நாட்டாரோடு இரு பத்தாண்டுகள் களப்பணி செய்த சமூகவியலர் ஜேம்ஸ் ஃபாரர், 2019இல் வெளியான தன் நூலில் இவர்களைப் 'புதிய ஷாங்காய்லாண்டர்கள்' என்றார். நகரத்தைத் தன் ஊராக உணர்வதும், அந்த உணர்வுக்கு அங்கீகாரம் கிடைக்காமல் போவதும் ஒருங்கே நிகழ்வதை அவர் பதிவு செய்தார். கொள்ளைநோய்க்கு முன் எழுதப்பட்ட அந்த நூல், 2022இன் மனமுறிவைப் பெரும்பாலான பின்னாளைய அறிக்கைகளைவிட நன்றாக விளக்குகிறது என்பது என் கருத்து. முறிந்தது விருந்தாளியின் சொகுசு அல்ல. தான் விருந்தாளி இல்லை என்ற நம்பிக்கை. ஒரே ஒரு திருத்தம் சொல்வேன். 'புதிய' என்ற அடைமொழி பழைய ஷாங்காய்லாண்டரிடம் இருந்த ஒன்றை மறைக்கிறது. அவருக்கு மன்றத்தில் இடமும் தனிச் சட்டமும் துப்பாக்கிப் படகும் இருந்தன. இன்றையவருக்கு நிகரான முன்னோடியை 1935 பட்டியலில் தேடினால், பிரிட்டிஷாரிடத்தில் அல்ல, ரஷ்யரிடமும் சீக்கியரிடமும்தான் தேட வேண்டும்.

இந்தியர்களிடம் வந்தால் காலக்கணக்கு வேறு காரணத்தாலும் சிதைந்தது. 2020 தொடக்கத்தில் நின்ற இந்திய-சீன நேரடி விமானங்கள், எல்லை மோதலுக்குப் பின் 2025 அக்டோபர் இறுதி வரை தொடங்கவில்லை. தமிழகத்திலிருந்து சீனாவுக்கு மருத்துவம் படிக்கப் போன மாணவர்கள் இரண்டாண்டுக்கு மேல் கைபேசித் திரையில் உடற்கூறு படித்தார்கள். அவர்களும் அயல்நாட்டார் எண்ணிக்கையில் குறைந்தவர்களே. கதவு மூடியிருந்ததால் குறைந்தவர்களை மனம் உடைந்து போனவர்களோடு சேர்த்து ஒரே கோட்டில் வரைகிறது வழக்கமான பேச்சு.

8. திறந்த கதவும் மூன்று மாதமும்

2023 ஜனவரி 8 அன்று தனிமைப்படுத்தல் நீங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் பிரான்ஸ், ஜெர்மனி, மலேசியா உள்ளிட்ட ஆறு நாடுகளுக்கு விசா விலக்கு. பிறகு பட்டியல் நீண்டது. 2024 டிசம்பரில் இடைவழிப் பயணிகளுக்கான விலக்கு 240 மணி நேரமானது. ஷாங்காயின் தெருக்களில் வெளிநாட்டு முகங்கள் மீண்டும் தெரிகின்றன. அதைக் காட்டி 'திரும்பி வந்துவிட்டார்கள்' என்று ஒரு தரப்பு எழுதுகிறது. பெட்டியோடு வந்து பத்து நாளில் போகிறவரையும், பள்ளிப் பேருந்துக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டுச் சந்தைக்குப் போகிறவரையும் ஒரே எண்ணில் போடுவது, கணக்கின் பழைய நோய் புது உடுப்பில் வருவது.

சீனக் கணக்கெடுப்பு ஒரு வெளிநாட்டவரை எண்ணுவதற்கு வைத்திருக்கும் அளவுகோல், அவர் அங்கே மூன்று மாதத்துக்கு மேல் தங்கியிருக்கிறாரா, தங்கப் போவது உறுதியா என்பதுதான். அடுத்த கணக்கெடுப்பு 2030இல். அன்று ஷாங்காயில் நான்கு மாத ஒப்பந்தத்தில் வந்த ஆலோசகரும், ஷாங்காய்க்காரியை மணந்து இருபத்தைந்து ஆண்டு வாழ்ந்து, மாமியாருக்கு மருந்து வாங்க வரிசையில் நிற்கும் மனிதரும், அந்த வரையறைக்குள் ஒரே எண்ணாக விழுவார்கள்.